அஞ்சவேண்டியது ஈக்குத்தான்

கரப்பான்பூச்சி ஒன்று ஓடினால் வீடே அலறுகிறது. தட்டில் உட்காரும் ஈயையோ கையால் விரட்டிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். நோய்க்கிருமிக் கணக்கில் இந்தப் பயம் தலைகீழானது.

இரண்டும் அசுத்தத்தில் புழங்குபவை. இரண்டின் காலிலும் குடலிலும் சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்களை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். அவற்றால் மனிதருக்கு நோய் வருகிறதா என்ற கேள்விக்குத்தான் இரண்டும் வெவ்வேறு பதில் தருகின்றன.

ஈயால் மெல்ல முடியாது. முன்பு உறிஞ்சியதையும் எச்சிலையும் சோற்றின்மேல் கக்கி, கரைத்து, மறுபடி உறிஞ்சும். முன்பு உறிஞ்சியது மலமாகவும் இருக்கலாம். சீதபேதி தரும் ஷிகெல்லாவோ 10 முதல் 100 கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே வேலையைக் காட்டிவிடும். அதற்கு ஈயின் கால் ரோமங்களே போதும். 1988இல் இஸ்ரேல் ராணுவ முகாம்களில் இரை வைத்த பொறிகளால் ஈக்களை 64 விழுக்காடு குறைத்தார்கள். ஷிகெல்லா நோயோடு மருத்துவரைப் பார்க்க வந்தவர்கள் 85 விழுக்காடு குறைந்தார்கள். இதைவிட நேரான சான்று வேறென்ன வேண்டும்?

கரப்பானுக்கு எதிராக இவ்வளவு உறுதியான சான்று இல்லை. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் பரவிய சால்மோனெல்லா, இரவில் படுக்கைகளில் ஊர்ந்த கரப்பான்களை ஒழித்த பிறகே அடங்கியது. அதைப் புறந்தள்ள முடியாது. கைக்குழந்தைகளைக் கொஞ்சம் கிருமியே வீழ்த்திவிடும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சால்மோனெல்லா ஏராளமாகச் சேர வேண்டும். கரப்பான் விட்டுப்போன கிருமி, மூடாமல் வைத்த குழம்பில் விடியும்வரை பெருகும்போதுதான் ஆபத்து முற்றுகிறது. கரப்பான் கழிவால் வரும் ஆஸ்துமா தனிக் கதை.

கரப்பானை நம் வீட்டுக்குள்ளேயே பெரிதும் அடக்கலாம்: சாக்கடைத் துளைக்கு வலை, சுவர் விரிசலுக்குச் சிமெண்ட், இரவில் ஈரமில்லாத தொட்டி, மூடிய பாத்திரம். ஈயிடம் இது செல்லாது. தெருமுனைக் குப்பையிலும் சாணத்திலும் முட்டையிட்டு, வெயில் காலத்தில் பத்தே நாளில் பறந்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் அது வரும். நாம் எவ்வளவு துடைத்தாலும் ஊர்க் குப்பை கிடந்தால் ஈ உண்டு. வாரம் இருமுறையாவது குப்பையை அள்ளினால், புழுக்கள் ஈயாக மாறுமுன் அங்கிருந்து போய்விடும். கரப்பான் மருந்து வாங்கக் கடைக்கு ஓடும் நாம், இதைக் கேட்டு நகராட்சி வாசலில் போய் நிற்க வேண்டும்.