பள்ளி விளையாட்டும் ஊர் இதழும்: கோலார் தங்கவயலை முன்வைத்து

பள்ளி மாணவரின் ஆட்டம் பெருநகர நாளிதழுக்குச் சிறுசெய்தி. ஊர் இதழுக்கோ தலையாய செய்தி. ஆகவே ஊர் இதழ் மறையுமிடத்துப் பள்ளி விளையாட்டின் வரலாறும் மங்குகிறது.

அமெரிக்காவின் எஃகு நகரான யங்ஸ்டவுனில் 1869இல் தோன்றிய 'விண்டிகேட்டர்' இதழ், விளம்பர வருவாய் குன்றி, 2019 ஆகஸ்டு 31ஆம் நாளோடு தனி நாளிதழாக வெளிவருவது நின்றது. பிறிதோர் இதழ் அப்பெயரில் பதிப்பு வெளியிடினும் அந்நகருக்கே உரிய செய்தியகம் கலைந்தது.

கோலார் தங்கவயலிலும் இக்கேள்வி எழுகிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அகழ்வைத் தொடங்கியபின் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர் இங்குக் குடியேறினர். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய இதழ், 'தமிழன்' என்னும் பெயரில் 1926 முதல் அப்பாதுரையார் பொறுப்பில் இவ்வூரிலிருந்து வெளிவந்தது. தொழிலாளரின் பௌத்த, பகுத்தறிவுச் சிந்தனைகளை இன்று ஆராய முடிவது அவை அச்சேறியமையாலேயே.

அவர்தம் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் இவ்விதி பொருந்தும். கோலாரில் பிறந்து 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய கென்னத் பவலின் பெயரை நாட்டளவிலான ஏடுகள் காத்தன. பள்ளி மைதானத்தோடு நின்றுவிட்டவரின் பெயரை ஊர் இதழே காக்கவல்லது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது; நினைவுடையோரும் முதுமை எய்துகின்றனர். பள்ளி ஆண்டு மலர், பரிசுச் சான்றிதழ், குழுப் புகைப்படம் ஆகியவற்றைத் திரட்டுதல் இன்றே செய்யத்தக்க வரலாற்றுப் பணியாகும்.