களர்நிலமும் கடைச்சரக்கும்

உத்திரமேரூர், பெருநகர் முதலிய காஞ்சிபுரம் வட்டாரத்து ஊர்களில், துணியையும் பாத்திரத்தையும் துலக்கும் பொருள்கள் நெடுங்காலம் காசின்றியே நிலத்திலும் அடுப்படியிலும் கிடைத்தன. ஆனால் அவற்றுக்குரிய உழைப்பு யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.

களர் எனப்படும் உவர்நிலத்தில் கோடையில் பூக்கும் வெண்ணிற உப்பில் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடாவாக விற்கப்படும் அதே காரப்பொருள், கலந்திருக்கும். புறநானூற்றின் 311ஆம் பாடல் களர்நிலத்துக் கூவலில், அதாவது சிறு கிணற்றில், ஆடை வெளுக்கும் புலைத்தியைக் குறிப்பிடுவதால், இவ்வறிவு சங்ககாலத்துக்கே உரியதெனலாம். வண்ணார் உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி ஆவியில் வேகவைத்து, பின்னர் நீர்த்துறைக் கல்லில் அடித்து அலசினர். சோழர் செப்பேடுகளில் வண்ணாரப்பாறை என்றொரு வரி காணப்படுவதால், அந்தக் கல்லும் அரசின் கணக்குக்குத் தப்பவில்லை என்று தெரிகிறது. முதற்பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியத்துக்கு ஆள் தேரும் விதிகளைக் கல்லில் வெட்டிய உத்திரமேரூர்ப் பகுதியில், பாசனத்தைப் போலவே வெளுப்பும் ஏரி நீரையே நம்பியிருந்தது.

வீட்டுக்குள் அடுப்புச்சாம்பல் அவ்வேலையைச் செய்தது. அதிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் பிசுக்கை இளக்கிக் கழற்றியது. புளியின் அமிலம் பித்தளைக் களிம்பைக் கரைத்தது. பட்டு, காரத்தால் நலியும் புரத இழையாதலால், காஞ்சிப் பட்டுப்புடவைக்குச் சபோனின் என்னும் நுரைப்பொருள் கொண்ட பூந்திக்கொட்டையே ஏற்றதாயிருந்தது.

1888இல் லீவர் நிறுவனத்தின் சன்லைட் சோப்பு கல்கத்தாவில் இறங்கியது. 1914இல் சென்னை மாகாண அரசே கோழிக்கோட்டில் சோப்புத் தொழிற்கூடம் நிறுவியது. எனினும், கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துவிடும். பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து செய்யப்படும் சலவைத் தூளுக்கு இக்குறை பெரிதும் இல்லாததால், 1959இல் வந்த சர்ஃபும், 1969இல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய மலிவான நிர்மாவும் கிணற்றுநீர் ஊர்களுக்கும் பொருந்தின. விறகடுப்பு எரிவாயு அடுப்பாக மாறியபோது சாம்பலும், பித்தளை எவர்சில்வராக மாறியபோது புளியின் தேவையும் குறைந்தன.

ஆகவே பழையது இயற்கை, புதியது ரசாயனம் என்ற பாகுபாடு இங்கே நிற்பதில்லை. உவர்மண்ணும் காரமே, அது கையையும் அரிக்கும். சலவைத் தூளிலுள்ள பாஸ்பேட் நீர்நிலைகளில் பாசியை மிகுவிப்பது புதியதன் கேடு. அறுவடைக் களத்தில் அளக்கப்படும் தானியத்துக்காக ஊர் அழுக்கு முழுவதையும் ஒரே சாதியார் சுமந்தது பழையதன் கேடு. பண்டைய முறைகளைப் போற்றுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே எடைபோட வேண்டும்.