போரில் வென்றவர் தேர்தலில் தோற்றது ஏன்?

மாணவர்களே, 1945 பிரிட்டன் பொதுத் தேர்தலைப் பற்றிக் கேள்வி வந்தால், ‘மக்கள் நன்றி மறந்து சர்ச்சிலைத் தோற்கடித்தனர்’ என்று ஒரே வரியில் எழுதிடாதீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

அந்த மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்தது. பிரதமர் சர்ச்சில் சென்ற இடமெல்லாம் கூட்டம் திரண்டது. ஆனால், வாக்காளர்களின் கவலை வேறு. இனி வேலை கிடைக்குமா? குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்குப் பதில் வீடு கிடைக்குமா? 1930களின் வேலையின்மையையும், அப்போதைய அரசில் கன்சர்வேட்டிவ் கட்சியின் கை ஓங்கியிருந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையோ சமூகப் பாதுகாப்புக்கு வழி காட்டியிருந்தது.

ஜூன் 4ஆம் தேதி வானொலியில் பேசிய சர்ச்சில், சோஷலிச ஆட்சிக்குக் கெஸ்டாபோ போன்ற காவல்படை தேவைப்படும் என்றார். தொழிற்கட்சித் தலைவர் அட்லியோ அதுவரை அவருடைய போர்க்கால அரசிலேயே துணைப் பிரதமராக இருந்தவர்! பிறகு யார் நம்புவாங்க? போர்த் தலைவர் சர்ச்சில் வேறு, கட்சித் தலைவர் சர்ச்சில் வேறு என்று மறுநாள் அட்லி நிதானமாகப் பதில் சொன்னார்.

ஜூலை 5இல் வாக்களிப்பு. வெளிநாடுகளிலிருந்த படைவீரர்களின் வாக்குகளும் வந்துசேர வேண்டியிருந்ததால், முடிவு 26ஆம் தேதிதான் தெரிந்தது. 640 இடங்களில் 393 தொழிற்கட்சிக்கு.

பிரிட்டனில் மக்கள் பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தொகுதி வேட்பாளருக்கே வாக்களிக்கிறார்கள். எனவே, உங்க விடையில் தலைவரின் புகழையும் கட்சியின் மீதான நம்பிக்கையையும் தனித்தனியா விளக்குங்க.