லைன் வந்த கதை



பரிசளிப்பு விழா மலரில் மன்னர்களின் வரலாற்றையும் தலைவர்களின் வரலாற்றையும் எழுதுவதுதான் வழக்கம். இம்முறை நம் எல்லார் சட்டைப் பையிலும் கிடக்கிற ஒரு சாமானின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். கைத்தொலைபேசியின் வரலாறு என்றுகூடச் சொல்ல முடியாது. அதில் லைன் இல்லாமல் போனால் மனிதன் என்ன செய்தான் என்கிற வரலாறு. செம்பனைக்குள்ளே குடியிருக்கிற சனத்துக்கு இதைவிடச் சொந்தமான வரலாறு வேறு எது?

அமெரிக்காவில் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-ஆம் ஆண்டில். மூன்றே வருடத்தில், 1879-ல், சிங்கப்பூருக்குத் தொலைபேசி வந்துவிட்டது. வந்தது வியாபாரிகளுக்கு, மூட்டை தூக்கியவனுக்கு அல்ல. பின்னாளில் தோட்டங்களுக்குக் கம்பி இழுத்தபோதும் அது போய் நின்ற இடம் துரை பங்களாவும் ஆபீசும்தான். லயத்தில் ஒரு பிள்ளைக்கு நடுராத்திரியில் இழுப்பு வந்துவிட்டால் கிராணி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவர் எழுந்து, சாவியைத் தேடி, ஆபீசைத் திறந்து, டவுனுக்கு லைன் கிடைக்கிற வரைக்கும் பிள்ளையின் தாய் வாசலிலேயே நிற்பாள். “தந்தி வந்திருக்கு” என்று யாராவது சொன்னால், பிரித்துப் படிக்கும் முன்னமே அழுகை தொடங்கிவிட்ட காலம் அது. இன்றைய மாணவர்களுக்கு இது கதை மாதிரி இருக்கும். தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

கம்பியே இல்லாமல் செய்தி அனுப்பலாம் என்பதைக் காட்டியவர்களில் நம் இந்திய நாட்டு ஜெகதீஷ் சந்திர போஸ் முக்கியமானவர். 1890-களில் கல்கத்தாவில் மின்காந்த அலைகளை அனுப்பி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். 1901 டிசம்பரில் மார்கோனி இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பினார். ஆனால் அந்த அலையைக் கைக்கு அடக்கமான பேச்சுக் கருவியாக்க இன்னும் 70 வருடம் பிடித்தது. 1973 ஏப்ரல் 3-ஆம் நாள், நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி, மோட்டரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர் முதல் கைத்தொலைபேசி அழைப்பைச் செய்தார். யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? இதே வேலையில் ஈடுபட்டிருந்த போட்டி நிறுவனத்துக்காரரை! குறும்புக்காரர்தான்.

மலேசியாவுக்கு அது வந்தது 1985-ல். ஆத்தூர் 450 என்று பெயர். சேலத்து ஆத்தூர் இல்லை. ‘வானொலி அலை மூலம் இயங்கும் தானியங்கித் தொலைபேசி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். காரில் பொருத்துகிற கனமான பெட்டி. சாதாரண ஆள் வாங்குகிற விலை இல்லை. ஆனாலும் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. 450 மெகாஹெர்ட்ஸ் என்கிற தாழ்ந்த அலையில் ஓடியதால் தூரமாகப் போகும். அலை தாழ்ந்திருந்தால் தூரம் போகும். உயர்ந்திருந்தால் நிறையச் சரக்கு ஏற்றலாம், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். இதை மனத்தில் வையுங்கள். 1995-ல் டிஜிட்டல் கைத்தொலைபேசி வந்தது. 2005-ல் 3ஜி, அப்புறம் 4ஜி. கோபுரங்கள் பெருகின. 3ஜி தன் வேலையை முடித்துக்கொண்டு 2021 இறுதியில் விடைபெற்றது.

இத்தனை வந்தும் தோட்டத்தில் ஏன் “லைன் இல்ல, லைன் இல்ல” என்று கத்துகிறோம்? காரணம் எளிது. கோபுரம் தூரத்தில், நடுவே குன்று. குன்று இல்லாவிட்டால் மழையில் நனைந்த செம்பனை மட்டைகள்; ஈரம் அலையைக் குடித்துவிடும். அதையும் தாண்டி வந்தால் நம் தலைக்கு மேலே தகரக் கூரை. தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். அதனால்தான் வீட்டுக்குள்ளே செத்துக் கிடக்கிற போன், வாசல் தூணில் ஆணி அடித்து மாட்டினால் உயிர் பெறுகிறது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் அந்தி நேரத்தில் கூட்டம் கூடுவதும் இதனால்தான். கம்பெனியைக் கேட்டால், நூறு வீட்டுக்காக ஒரு கோபுரம் கட்டினால் கட்டுபடியாகாது என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த நூறு வீட்டிலும் நோய் வரும், பிரசவம் வரும். அது கணக்கில் ஏறுவதில்லை.

இப்போது கதை கிளை பிரிகிறது. ஆத்தூர் 450 இங்கே வந்த அதே 1985-ல், அமெரிக்கத் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை “உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம்” என்று திறந்துவிட்டது. அவற்றில் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்கிற அலை. யாருக்கும் வேண்டாத புறம்போக்கு நிலம் மாதிரி. அந்தப் புறம்போக்கில்தான் விளைச்சல் கண்டது. கடைகளில் உள்ள பணப்பதிவு இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க வேண்டும் என்று என்.சி.ஆர். என்ற நிறுவனம் முயன்றது. அங்கே வேலை செய்த நெதர்லாந்து பொறியாளர் விக் ஹேய்ஸ், எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான ஒரு தரத்தை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1997-ல் அந்தத் தரம் வெளியானது. 1999-ல் அதற்கு வைஃபை என்று பெயர் சூட்டினார்கள்.

கோபுரத்து அலையும் வீட்டு வைஃபையும் சம்பந்தி ஆவதற்கு மேலும் சில வருடம் ஆனது. 2004 வாக்கில் சில கம்பெனிகள் கூடி, கைத்தொலைபேசிப் பேச்சை வைஃபை வழியே கொண்டுபோக ஒரு முறை வகுத்தன. பிரான்சில் ஆரஞ்சு நிறுவனமும் (2006), அமெரிக்காவில் டி-மொபைலும் (2007) அதைக் கொண்டுவந்தன. ஆனால் அதற்கென்று தனி போன் வாங்க வேண்டியிருந்ததால் பெரிதாகப் பரவவில்லை. 2014-ல் ஐபோனுக்குள்ளேயே இவ்வசதி வந்த பிறகுதான் மற்றவர்களும் வேகம் பிடித்தார்கள். இன்று நம் நாட்டிலும் கிடைக்கிறது.

“வாட்ஸ்அப்பிலேயே பேசலாமே, இது எதுக்கு?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் இருபக்கமும் வாட்ஸ்அப் இருக்க வேண்டும். வைஃபை அழைப்பில் நம்முடைய அதே நம்பரிலிருந்து கிளினிக்கின் பழைய மேசைத் தொலைபேசிக்கும் பேசலாம். பள்ளிக்கூட ஆபீஸ் நம்மைக் கூப்பிட்டாலும் மணி அடிக்கும். வேலை நடக்கிற விதம் இதுதான்: போன், வீட்டு இணையத்தின் வழியே கம்பெனியின் வாசல் வரைக்கும் பூட்டுப் போட்ட ஒரு சுரங்கப்பாதை போடுகிறது. வாசலில் சிம் கார்டைக் காட்டி “நான் இன்னார்” என்கிறது. அங்கிருந்து அது வழக்கமான அழைப்புதான். பேச்சுக்கு இணையம் நிறைய வேண்டாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் போதும். பேசிக்கொண்டே வெளியே நடந்தால், 4ஜி லைன் இருக்கிற இடத்தில் பேச்சு அதற்குத் தாவிவிடும். இல்லையென்றால் அறுந்துவிடும்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதுதான் லைன் என்பது சோறு தண்ணீர் மாதிரி என்று நாட்டுக்கே விளங்கியது. அந்த ஜூன் மாதத்தில் சபாவில் ஒரு மாணவி இணையம் கிடைக்க மரத்தில் ஏறி அமர்ந்து தேர்வு எழுதினாள். நாடே அதைப் பார்த்தது. அதே ஆண்டில் கிராமப்புறத் தொடர்பை மேம்படுத்த ஜெண்டெலா திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. 2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் துணைக்கோள் இணையமும் மலேசியாவுக்கு வந்தது. முந்தைய துணைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றதால் “ஹலோ” சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இவை 550 கிலோமீட்டர் அளவில் சுற்றுவதால் அந்தத் தாமதம் தெரியாது. ஆகக் கம்பியும் கோபுரமும் எட்டாத தோட்டத்தில்கூட ஒரு வீட்டில் வைஃபை இருந்தால் அங்கிருந்து ஆம்புலன்சைக் கூப்பிட வழி பிறந்துவிட்டது.

ஆனால் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரண்டு போனால் வைஃபை பெட்டியும் போகும். லைன் இல்லாத வீட்டில் அதோடு போனும் ஊமையாகிவிடும். பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி வாங்கி வைக்கலாம். 999-ஐக் கூப்பிட்டால் போன் முதலில் கோபுரத்தைத்தான் தேடும். நம் கம்பெனியின் கோபுரம் இல்லாவிட்டால் அடுத்த கம்பெனியின் கோபுரத்தையும் பிடித்துக்கொள்ளும். எதுவுமே கிடைக்காதபோது வைஃபை வழியே போகுமா என்பதை உங்கள் கம்பெனியிடம் இப்போதே கேட்டு வையுங்கள்; எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. வைஃபை வழியே போனால் நாம் எங்கே இருக்கிறோம் என்பது எதிரே இருப்பவருக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். எந்தத் தோட்டம், எத்தனையாவது டிவிசன், எத்தனாம் நம்பர் வீடு என்று மலாயில் தடுமாறாமல் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

வசதியை நாமேதான் திறந்துவிட வேண்டும். போனின் அமைப்புப் பக்கத்தில் “வைஃபை அழைப்பு” என்று ஒரு பொத்தான் இருக்கும்; பலர் வருடக்கணக்காக அதைத் தொட்டதே இல்லை. பாட்டிமார் வைத்திருக்கிற பழைய பொத்தான் போன்களில் பெரும்பாலும் இது கிடையாது. அவர்கள் இன்னும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குத்தான் ஏறிப் போகிறார்கள்.