சிப்பாயின் ரஜா

தில்லிக்கு வந்து குடியேறிய தமிழர் எவரும் முதல் மாதத்திலேயே இந்தியா கேட்டைக் கண்டிருப்பர். ஊரிலிருந்து வரும் உறவினரை மாலை வேளையில் அங்கு அழைத்துச் செல்வதும், புல்வெளியில் அமர்ந்து வேர்க்கடலை கொறிப்பதும் நம்மவர் வழக்கம். எனினும் அவ்வளைவின் சுவர்களில் பொறித்துள்ள எழுத்துகளை நின்று படித்தவர் மிகச் சிலரே. 1921 பிப்ரவரியில் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்ட, லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழும்பி, 1931 பிப்ரவரியில் இர்வின் பிரபுவால் திறந்துவைக்கப்பெற்ற சின்னம் அது. முதல் உலக யுத்தத்திலும் அதை அடுத்து வந்த ஆப்கன் போரிலும் மாண்டவர்களில் 13,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே உள்ளன.

மாண்டவரைக் கல் நினைவில் வைத்திருக்கிறது. அவ்வாறே பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து சென்று, இடையில் ஒரு முறை, ஒரு மாதமேனும் வீட்டுக்கு வந்து போக ஏங்கியவர்களை நினைப்பதற்கு எந்த வளைவும் எழவில்லை. ஆண்டுக்கொரு முறை ரஜா வாங்கிக்கொண்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துச் சென்னையில் இறங்கும் நமக்கு அந்த ஏக்கத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நாள்காட்டியில் ரஜா நாளைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்போர் நம்மிடையே பலர். ஆகவே அச்சிப்பாய்களின் ரஜாவைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

அக்காலத்துச் சிப்பாய் பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளை. மாதச் சம்பளம் 11 ரூபாய். பட்டாளத்துச் சம்பளம் நிலத்தைத் தாங்கிற்று. நிலம் குடும்பத்தைத் தாங்கிற்று. அமைதிக் காலத்தில் ஊர் சென்று தங்கிவரச் சிப்பாய்க்கு நீண்ட ரஜா உண்டு. கடனை அடைப்பது, தங்கைக்கு மணம் முடிப்பது, பங்காளியோடு வரப்புத் தகராறு தீர்ப்பது, கச்சேரியில் வழக்காடுவது எல்லாம் அந்த ரஜாவுக்காகக் காத்திருந்தன. ஓய்வு என்று நாம் இன்று நினைக்கும் பொருளில் அதை ரஜா என்று சொல்வதே தவறு. அது வீட்டின் கணக்கைத் தீர்க்கும் காலம்.

இந்தி கற்ற நம்மவர் பலர் சந்திரதர சர்மா குலேரியின் 'உஸ்னே கஹா தா' என்னும் சிறுகதையைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கலாம். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, 1915-ஆம் ஆண்டில், மகாவீர் பிரசாத் த்விவேதி ஆசிரியராயிருந்த 'சரஸ்வதி' இதழில் அது வெளிவந்தது. அதன் நாயகனாகிய லஹனா சிங், நிலவழக்கு ஒன்றைக் கவனிக்க ஏழு நாள் ரஜாவில் ஊர் வருகிறான். வந்த இடத்தில் பட்டாளம் போருக்குப் புறப்படுகிறது, உடனே திரும்புக என்று கடிதம் வருகிறது. திரும்பும் வழியில் சுபேதாரின் வீட்டில் இறங்குகிறான். அங்கே அவருடைய மனைவி அவனிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறாள். அந்த வேண்டுகோளே கதையின் உயிர்நாடி. பிரான்சின் பதுங்கு குழியில் அதை அவன் எவ்வாறு நிறைவேற்றினான் என்பதைப் படிக்காதவர்கள் படித்தே அறிய வேண்டும். நிலவழக்கோ கதையின் போக்கில் மறைந்துபோகிறது. கதையில் மறையலாம், வாழ்க்கையில் வழக்குகள் அவ்வளவு எளிதில் மறைவதில்லை. இதற்குப் பின்னர் வருவோம்.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. அம்மாத இறுதியிலேயே லாகூர் டிவிஷனைச் சேர்ந்த படைகள் கராச்சி, பம்பாய்த் துறைமுகங்களில் கப்பலேறத் தொடங்கின; முதற் பகுதியினர் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது செப்டம்பர் 26-ஆம் நாள். ஏறத்தாழ ஒரு மாதப் பயணம். அவர்களுக்குப் பின்னால் மீரட் டிவிஷன் வந்தது. அக்டோபர் முடிவதற்குள் இவர்கள் பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் சேற்றுக் குழிகளில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே போர்முனையில் நின்ற ஆங்கிலச் சிப்பாய்க்கு ரஜா கிடைத்தால், காலையில் பதுங்கு குழியை விட்டுப் புறப்பட்டு இரயிலும் கப்பலும் ஏறி, இரவுச் சாப்பாட்டுக்கு லண்டனில் இருத்தல் கூடும். சில நாட்களே ஆயினும் அவன் தன் தாயின் முகத்தைக் கண்டு திரும்பினான். கட்வால் சிப்பாயை எண்ணுங்கள். மார்சேல்ஸுக்கு இரயில், அங்கிருந்து சூயஸ் வழியாகப் பல வாரக் கப்பல் பயணம், பம்பாயிலிருந்து மலையடிவாரம் வரை மீண்டும் இரயில், அதன்பின் மலைப்பாதையில் கால்நடை. போக ஒரு மாதம், வர ஒரு மாதம் என்றால் வீட்டில் தங்குவதற்கு யார் நாள் கொடுப்பார்? கப்பல்களோ ஆட்களையும் தளவாடங்களையும் போர்முனைக்குச் சுமந்து செல்வதற்கே போதவில்லை. விதி எதுவும் தடுக்காமலே, தூரமே ரஜாவைத் தடுத்துவிட்டது.

எஞ்சிய வழி காயம் ஒன்றே. அவ்வழியும் நேரானதாக இல்லை. காயமுற்ற இந்தியர் பலர் இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் நகரத்திற்கு அனுப்பப்பட்டனர். அங்கு அரச மாளிகையாயிருந்த பெவிலியன் கட்டடமே 1914 டிசம்பரில் மருத்துவமனையாக மாறிற்று. சாதி, சமய ஆசாரங்களுக்கு ஏற்பத் தனித்தனிச் சமையற்கூடங்கள், தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள் என்று ஏற்பாடுகள் மிகக் கவனமாகச் செய்யப்பட்டன. அந்தக் கவனத்தைக் குறைத்துச் சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் காயம் ஆறியவுடன் சிப்பாய் எங்கே சென்றான்? மீண்டும் சண்டைக்கு ஏற்றவன் என்று மருத்துவர் கூறினால் பிரான்சுக்கே திரும்ப வேண்டும். இனி எதற்கும் உதவான் என்று ஆனவனுக்குத்தான் தாய்நாட்டுக் கப்பல். இஃது அவர்களுடைய மனத்தை மிகவும் வருத்திற்று. ஒரு முறை குருதி சிந்தியவன் கடன் தீர்த்தவன் என்பது அவர்கள் எண்ணம்.

1915 ஏப்ரல் 26-இல் ஈப்ர நகரத்தருகே நடந்த சண்டையில் விக்டோரியா கிராஸ் பெற்றவர் ஜமேதார் மீர் தஸ்த் என்னும் அப்ரீதிப் பட்டாணியர். ஜெர்மானியர் விட்ட நச்சுப் புகையால் இவரும் தாக்குண்டவர். அவ்வாண்டு ஆகஸ்டு 25-இல் பிரைட்டன் பெவிலியனின் புல்வெளியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே நேரில் வந்து அவருக்குப் பதக்கம் அணிவித்தார். அப்போது அவர் மன்னரிடம் தமக்கென்று ஏதும் கேளாமல், ஒரு முறை காயமுற்றவரை மீண்டும் போர்முனைக்கு அனுப்பாதிருக்க வேண்டும் என்று கேட்டதாக அக்காலத்துச் சிப்பாய்களின் கடிதங்கள் சொல்கின்றன. மன்னரிடம் கேட்பதற்கு நிலம் இல்லையா, பொருள் இல்லையா? அவர் கேட்டது பிறருக்கு வீட்டுக்குப் போகும் வழி.

இதில் ஒரு வியப்பு உண்டு. மீர் தஸ்தின் சகோதரர் மீர் மஸ்தும் பிரான்சில் அதே பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஜமேதாராக இருந்தவர். 1915 மார்ச் தொடக்கத்தில் ஓர் இரவு, தம் இனத்தார் சிலரோடு எதிரியின் குழிக்குள் சென்று சரணடைந்தார். துருக்கி எதிரணியில் இருந்தது காரணமா, களைப்புக் காரணமா, இரண்டுமா என்பது விவாதத்துக்குரியது. பின்னர் ஜெர்மானியர் காபூலுக்கு அனுப்பிய தூதுக்குழுவோடு சேர்ந்து பாரசீகம் வழியாக ஆப்கனிஸ்தானத்தை அடைந்து, அங்கிருந்து எல்லைப்புறத்திலுள்ள தம் தீரா மலைநாட்டிற்கே போய்ச் சேர்ந்தார். பாதி உலகைச் சுற்றி, எவரிடமும் ரஜாச் சீட்டுப் பெறாமல் வீடு வந்தவர் என்று அவரைச் சொல்லலாம். அவர் செய்ததை நாம் போற்றவில்லை. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவர் வீட்டு வழியை மன்னரிடம் கேட்டார், மற்றவர் கேளாமலே நடந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

ரஜா இல்லாத இடத்தில் கடிதமே ரஜாவாயிற்று. 1915 மார்ச்சில் பிரான்சிலிருந்த இந்தியர் வாரந்தோறும் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை கடிதங்கள் எழுதினர். எழுதினர் என்பதைவிட எழுதுவித்தனர் என்பதே பொருந்தும். எழுத்தறியாத சிப்பாய், அறிந்த தோழனிடம் சொல்வான்; அவன் பெரும்பாலும் உருதுவிலோ, சில வேளை குருமுகியிலோ இந்தியிலோ எழுதுவான்; படையதிகாரி ஒருவர் பார்ப்பார்; பிறகு பூலோன் நகரத்துத் தணிக்கை அலுவலகம் பார்க்கும்; ஊரில் பள்ளி ஆசிரியரோ தபால்காரரோ உரக்கப் படித்துச் சொல்வார். கணவன் மனைவிக்குச் சொன்ன ஒரு சொல் அவள் காதை அடைவதற்குள் இத்தனை கைகள், இத்தனை கண்கள். தணிக்கைக்குத் தப்ப அவர்கள் கையாண்ட உபாயங்களுள் மிளகு ஒன்று. கறுப்பு மிளகு இந்தியப் படை, சிவப்பு மிளகு ஆங்கிலப் படை. கறுப்பு மிளகு தீர்ந்துபோயிற்று என்று எழுதினால் ஊரார் பொருளை உணர்ந்துகொள்வர். தணிக்கை அதிகாரியும் உணர்ந்துகொண்டார் என்பதால்தான் அது இன்று நமக்குத் தெரிகிறது.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எம் போன்றோரை இங்கு ஒன்று உறுத்துகிறது. தணிக்கையாளர் தம் அறிக்கைக்காக ஆங்கிலத்தில் பெயர்த்த பகுதிகளே பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மூலக் கடிதங்கள் உரியவர்க்குச் சென்று, ஓலைக்கூரையின் கீழோ மண்வீட்டு மாடத்திலோ செல்லரித்துப் போயின. பஞ்சாபிச் சிப்பாய் தன் எருமையைப் பற்றிக் கேட்டபோது எந்தச் சொல்லால் கேட்டான் என்பது இனித் தெரிய வழியில்லை. அலுவலக மேசையில் அமர்ந்து கோப்புக்காகப் பெயர்த்தவரின் வாயால்தான் அவன் இன்று பேசுகிறான்.

அக்கடிதங்களில் யுத்தத்தைக் காட்டிலும் வீடே மிகுதி. அறுவடை எப்படி, கடன்காரன் வந்தானா, பங்காளி என்ன செய்கிறான் என்ற விசாரணைகள். 1915 இறுதியில் காலாட்படைகள் பிரான்சை விட்டு நீங்கின. ஆயினும் பெரும்பாலோர் வீட்டுக்குப் போகவில்லை. குதிரைப்படை 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே தங்கிற்று. காலாட்படையின் பெரும்பகுதி சூயஸைக் கடந்து, பாரசீக வளைகுடாவுக்குள் நுழைந்து பாஸ்ராவில் இறங்கிற்று. இந்தியக் கரைக்கு அவ்வளவு அருகே வந்தும் கால் வைக்காமல் மெசப்பொத்தேமியப் பாலைவனத்தில் இறங்கியவர்களின் மனம் என்னவாயிருக்கும்! 'தம்பிகள்' என்று பட்டாளத்தில் செல்லமாக அழைக்கப்பெறும் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அங்குப் பணிபுரிந்தனர். பாலமும் பாதையும் அமைத்த அவர்களுள் நம் மாவட்டங்களைச் சேர்ந்தவர் உண்டு. அங்குக் காயமுற்றோர் பம்பாய்க்கே கொண்டுவரப்பட்டனர். ஆனால் அவர்களை ஏற்றிவந்த படகுகளின் அவல நிலை 1917-இல் விசாரணைக் குழுவின் அறிக்கையாகி, பிரிட்டிஷ் பாராளுமன்றத்தையே கலக்கிற்று.

நிலவழக்குக்குத் திரும்புவோம். சிப்பாய் பாஸ்ராவில் நிற்க, ஊரில் அவன் மீது வழக்குத் தொடுத்தால் யார் போய் நிற்பது? வராத பிரதிவாதிக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்புச் சொல்வது நீதிமன்ற வழக்கம். ரஜா இல்லாதவன் வீடு திரும்பும்போது வயல் பிறர் கையில் இருக்கும். இவ்வபாயத்தைச் சர்க்கார் உணர்ந்தது. 1918-இல் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் வந்தது. அதைத் திருத்தித் தொகுத்து 1925-இல் மற்றொரு சட்டம் இயற்றினர். சிப்பாய் போர்ச் சூழலிலோ கடல் கடந்தோ பணிபுரிகிறான் என்று தெரிந்தால் நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைக்க வேண்டும் என்பது இதன் சாரம். சட்டத்தின் நடை வறண்டது. அதை வாசிப்பது எமக்குப் பழகிய துன்பம். எனினும் இச்சட்டத்தின் உட்பிரிவுகளைப் படிக்கையில் லஹனா சிங்கின் ஏழு நாள் ரஜா நினைவுக்கு வராமற் போகாது. ஆளை அனுப்ப இயலாத சர்க்கார், ஆள் வரும் வரை வழக்கையாவது காத்திருக்கச் சொல்லிற்று.

இறுதியாக, கட்வால் ரைபிள்ஸ் படையைச் சேர்ந்த இருவர். நாயக் தர்வான் சிங் நேகி 1914 நவம்பர் 23-24 இரவில் பெஸ்துபேர் அருகே தலையில் இருமுறையும் கையில் ஒரு முறையும் காயமுற்ற பின்னும், எதிரியின் குழியில் வளைவுக்கு வளைவு முன்னணியில் பாய்ந்தவர். டிசம்பர் 5-இல் பிரான்சிலேயே மன்னர் கையால் விக்டோரியா கிராஸ் பெற்றார். அவர் வீடு திரும்பி, 1950 வரை வாழ்ந்தார். மற்றவர் ரைபிள்மேன் கபர் சிங் நேகி. டெஹ்ரி கட்வாலில் சம்பாவை அடுத்த சிற்றூரினர். 1915 மார்ச் 10-இல் நியூவ் ஷாபெல் சண்டையில் தம் தலைவர் வீழ்ந்ததும் தாமே தலைமை ஏற்று முன்சென்று மாண்டார். அப்போது அவருக்கு இருபது வயதும் நிறையவில்லை. அவருக்கும் அதே பதக்கம் அளிக்கப்பட்டது. பெயர் நியூவ் ஷாபெல் நினைவுச் சின்னத்தில் உள்ளது. சம்பாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் அவர் பெயரால் ஒரு மேளா நடக்கிறது. மலைவாழ் மக்கள் திரளாக வருவர், பட்டாளத்தாரும் வந்து மலர்வளையம் வைப்பர்.

அவர் மணமானவர். அப்பெண் அவரினும் இளையவர். மறுமணம் செய்யாமல் அவ்வூரிலேயே நெடுங்காலம் வாழ்ந்தார். ரஜாவில் வர வேண்டியவருக்குப் பதிலாக வீட்டிற்கு வந்த அப்பதக்கத்தை அந்த அம்மையார் தம் ஆடையில் குத்திக்கொண்டிருப்பார். வழியில் அவரைக் காணும் சிப்பாய்கள் நின்று வணக்கம் செலுத்திச் செல்வர்.