காலதர் இல்லாத அறை

சன்னலுக்குத் தமிழில் காலதர் என்றொரு பழஞ்சொல் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழியே காலதர். சிலப்பதிகாரத்தில் இடம்பெறும் இச்சொல், வீட்டைப் பற்றிய நம் முன்னோரின் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. சுவரும் கூரையும் அமைந்தால் மட்டும் வீடு ஆகிவிடாது. காற்று புகவும் போகவும் வழி அமைந்தால்தான் அது மக்கள் வாழத்தக்க வீடாகும். இவ்வுண்மை மறக்கப்பட்ட இடங்களில் என்ன நேர்ந்தது என்பதற்குப் பினாங்கு மாநிலத்தின் வீட்டு வரலாறு நல்லதொரு சான்றாகும்.

ஜார்ஜ்டவுன் நகரின் பழைய கடைவீடுகள் குறுகிய முகப்பும், அதனைப்போல் பன்மடங்கு நீளமும் உடையவை. இருபுறமும் அண்டை வீட்டோடு பொதுச்சுவர். ஆகவே பக்கச் சன்னலுக்கு இடமில்லை. இக்குறையை அறிந்தே அவற்றைக் கட்டியோர் வீட்டின் நடுவே வானம் பார்த்த திறப்பு ஒன்றை விட்டனர். பினாங்கின் ஹொக்கியன் மக்கள் அதனை 'ஆழ்கிணறு' எனப் பொருள்படும் சொல்லால் வழங்குவர். நம் செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் செய்த பணியையே இதுவும் செய்தது. சூடேறிய காற்று மேலே எழுந்து வெளியேற, அஞ்சடிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்தது.

மக்கள் பெருகினர், வாடகை உயர்ந்தது. வீடுகள் பலகைத் தடுப்புகளால் சிறுசிறு அறைகளாகக் கூறுபோடப்பட்டன. காற்றும் ஒளியும் எட்டாத அவ்வறைகளில் தங்கியோர் பெரும்பாலும் கூலித் தொழிலாளர். 1894-இல் ஹாங்காங்கிலும் 1896-இல் பம்பாயிலும் கொள்ளைநோய் பரவியபின், துறைமுக நகரங்களின் நெரிசலைக் காலனி ஆட்சியினர் அஞ்சத் தொடங்கினர். கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த பேராசிரியர் சிம்சன் சிங்கப்பூரை ஆராய்ந்து 1907-இல் அளித்த அறிக்கை, சன்னலற்ற அறைகளையும் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளையும் நோய்க்குக் காரணமாகச் சுட்டியது. வீட்டு வரிசைகளுக்கிடையே பின்சந்து திறக்கவேண்டும் என்றும் வற்புறுத்தியது. பின்சந்துகள் வெட்டும் பணி பினாங்கிலும் நடைபெற்றது. இன்று நாம் குப்பைத்தொட்டி வைக்கும் பின்சந்து, காற்றுக்காகப் போராடிப் பெற்ற நிலம் என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும்.

மலேசியாவில் 1984-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள் இவ்வுரிமையை அளவிட்டுக் கூறின. ஒவ்வொரு குளியலறைக்கும் குறைந்தது 0.2 சதுர மீட்டர் திறப்பு வேண்டும் என்பது விதி. வெளிச்சுவரே இல்லாமல் கட்டடத்தின் உட்பகுதியில் அமைந்த குளியலறையாயின், இயந்திரத்தின் துணையால் காற்றை மாற்றவேண்டும். மணிக்குப் பத்து முறை காற்று மாறும் அளவு, அல்லது தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்திற்கு 0.61 கனமீட்டர், இவ்விரண்டனுள் குறைந்தது எதுவோ அதுவே கட்டாய அளவாக வைக்கப்பட்டது.

இனி ஜுருவுக்கு வருவோம். செபராங் பிறையில் உள்ள இவ்வூரின் தோட்டப்புற வாழ்வு, தோட்டத்தின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளியால் இன்றும் நினைவுகூரப்படுகிறது. தோட்ட லயங்களில் வாழ்ந்தோர் பொதுவாக வீட்டுக்கு வெளியே குழாயடியில் குளித்தனர். அதில் மறைவு குறைவு, காற்றுக்கோ குறைவில்லை. பின்னர்த் தாமான்களின் வரிசை வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்தபோது குளியலறை வீட்டுக்குள் வந்தது. அதன் சன்னல் பின்கட்டை நோக்கித் திறந்தது. ஆனால், அடுப்படியைப் பெரிதாக்க வேண்டிப் பின்கட்டுக்குக் கூரை போட்டவர் பலர். அன்றே குளியலறைச் சன்னல் அடுப்படிக்குள் அகப்பட்டுக்கொண்டது. சிம்சன் கண்ட பழைய குறையை நாமே நம் கையால் மீண்டும் கட்டிக்கொண்டோம் எனலாம்.

அடைபட்ட காலதருக்கு ஈடாக வந்ததே காற்றை வெளியேற்றும் காற்றாடி. இதற்கும் நெடிய வரலாறு உண்டு. 1730-களில் தெசாகுலியே என்னும் அறிஞர், இலண்டன் நாடாளுமன்றத்தின் புழுக்கம் தீரக் கையால் சுழற்றும் சக்கரக் காற்றாடி ஒன்றை அமைத்தார். அசாமின் கச்சார்ப் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய சாமுவேல் டேவிட்சன், தேயிலையை உலர்த்தும் முயற்சியில் ஈடுபட்டு, 1890-களின் இறுதியில் பல மெல்லிய இதழ்கள் கொண்ட உருளைக் காற்றாடியை உருவாக்கினார். தேயிலைக்காகப் பிறந்த அவ்வமைப்பே இன்று பல வீடுகளின் கூரைத்தட்டுக்குமேல் சுழல்கிறது.

பழைய காற்றாடி பழுதுபட்டால், சுவரிலுள்ள துளையை அளந்து, அதே அளவில் புதிது வாங்குவதே பலரின் வழக்கம். துளையை அளப்பது போதாது. அறையையும் காற்று செல்லும் வழியையும் அளக்கவேண்டும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள குளியலறையின் கொள்ளளவு 7.5 கனமீட்டர். மணிக்குப் பத்து முறை மாற்ற 75 கனமீட்டர் காற்று வெளியேறவேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண் பெரும்பாலும் தடையற்ற வெளியில் கண்ட அளவாகும்; நீண்ட குழாயும் வளைவுகளும் அதனை வெகுவாகக் குறைத்துவிடும். வெளிச்சுவரில் நேரே பொருத்துவதற்குச் சாதாரண இதழ்க் காற்றாடி போதும். கூரைத்தட்டின்மேல் சில மீட்டர் குழாய் ஓடவேண்டுமாயின் உருளைக் காற்றாடியே ஏற்றது.

இவற்றினும் முதன்மையான வினா ஒன்றுண்டு: காற்று எங்கே போய்ச் சேர்கிறது? பழைய சன்னல் துளையில் காற்றாடி பொருத்தினால் குளியலறையின் ஈரமும் நாற்றமும் அடுப்படிக்கே வரும். கூரைத்தட்டுக்குள் விட்டால் மரச்சட்டங்கள் நனைந்து பூஞ்சை படரும். குழாய் வானம் காணும் இடத்தில்தான் முடியவேண்டும். சற்றே வெளிப்புறம் சரிந்திருந்தால் உள்ளே படியும் நீர் அறைக்குத் திரும்பாது. போகும் காற்றுக்கு ஈடாக வரும் காற்றும் வேண்டுமாதலால், கதவின் அடியில் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி விடுதல் நன்று. குளித்து முடித்தபின்னும் கால் மணிநேரம் ஓடும்படி நேரவிசை இருப்பின் ஈரம் முற்றும் நீங்கும். எரிவாயுவால் நீர் சுடவைக்கும் கருவியை இத்தகைய அறையில் வைத்துவிட்டுக் காற்றாடியை நம்பியிருத்தல் கூடாது. அதன் நச்சுப்புகைக்குத் தனிப்போக்கு இன்றியமையாதது.

காற்றாடி சிறு பொருள்தான். எனினும், நூறாண்டுகளுக்கு முன் காற்றில்லா அறையில் நோயுற்று மடிந்த தொழிலாளருக்குக் கிடைக்காத ஒன்று அதன்வழி நமக்குக் கிடைக்கிறது. அவர்தம் அறையை அடைத்தது வறுமை. நம் அறையை அடைப்பது அடுப்படிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் சில அடி இடம். இனிப் பின்கட்டுக்குக் கூரை போட எண்ணுவோர், முதலில் ஒரு துண்டு வானத்தை விட்டுவைக்கட்டும். அதற்கு வழியில்லாதோர், காற்று வானத்தை அடையும் வழியை அறிந்தபின் காற்றாடியைத் தேர்ந்தெடுக்கட்டும்.