முத்து எனப் பெயரிட்டவர்கள்: பெங்களூரு, பெரியம்மை, அருவருப்பு

தாமரைப் பொகுட்டின் நெருக்கமான குழிகளைக் கண்டதும் சிலருக்கு உடல் கூசும். இக்கூச்சத்துக்கு ‘டிரைப்போஃபோபியா’ என்னும் பெயர் இந்த நூற்றாண்டில்தான் இணையத்தில் பிறந்தது. 2013இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் கோல், ஆர்னால்ட் வில்கின்ஸ் ஆகியோர், நச்சுத்தன்மை கொண்ட விலங்குகளின் மேற்புற வடிவங்களோடு இதைத் தொடர்புபடுத்தினர். 2018இல் டாம் குப்ஃபர், ஆன் லே ஆகியோர் வேறொரு விளக்கம் தந்தனர்: இதன் அடிப்படை அச்சத்தைக் காட்டிலும் அருவருப்பே, கொப்புளம் நிறைந்த தோலையும் ஒட்டுண்ணிகளையும் விலக்கிவைக்கும் தற்காப்புணர்வு, தீங்கற்ற வடிவங்கள் மீதும் பாய்கிறது.

இவ்விளக்கம் சரியெனில், ஒரு வினா எழுகிறது. கொப்புளக் கூட்டத்தை அன்றாடம் கண்ட சமூகங்கள் அந்த அருவருப்பை எவ்வாறு கையாண்டன?

1809இல் ஆங்கிலேயரின் படைமுகாம் பெங்களூரில் அமைந்தபின், தமிழர் பலர் அங்குக் குடியேறினர். முகாமுக்குத் ‘தண்டு’ என்று பெயர். சிவாஜிநகரின் தண்டு மாரியம்மன் கோயில் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. பெரியம்மை கண்டவருள் ஏறத்தாழ பத்தில் மூவரை அந்நோய் கொன்றது. ஆயினும் தமிழர் நோயை ‘அம்மை’ என்றனர். கொப்புளத்தை ‘முத்து’ என்றனர். கன்னடரும் ‘அம்ம’ என்றே அழைத்தனர்.

இச்சொற்களை வெறும் மங்கல வழக்காகக் கொள்வது போதாது. நோயாளிக்கு நீர் புகட்டவும், வேப்பிலையால் வருடவும் ஒருவர் அருகிருந்தாக வேண்டும். அருவருப்பு விலகு என்கிறது. ‘முத்து’ என்னும் சொல் அருகில் அமரச் செய்கிறது. அதேவேளை வாயிலில் செருகிய வேப்பிலை அயலாரைத் தடுத்து நிறுத்தியது. விலகலும் அணுகலும் ஒரே வழக்கில் இடம்பெற்றன.

1898இல் பிளேக் பெங்களூரைத் தாக்கியபோதும் இம்மரபு தொடர்ந்தது. அரசு நோயாளிகளைத் தனிமைப்படுத்தியது, மக்களோ ‘பிளேகம்மா’வுக்குக் கோயில் எழுப்பினர்.

இம்மரபை மிகையாகப் போற்றவும் இயலாது. அம்மனின் வருகையைத் தடுக்கலாகாது என்ற எண்ணம், இந்தியாவின் பல இடங்களில் தடுப்பூசிக்கு எதிராகவும் நின்றது. பேணுதலை எளிதாக்கிய சொல்லே தடுத்தலைக் கடினமாக்கியது.

இந்தியாவில் பெரியம்மையின் இறுதி நோயாளி 1975இல் கண்டறியப்பட்டார். 1980இல் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று திரையில் பொகுட்டைக் கண்டு கூசும் இளைஞர் பெரியம்மையைக் கண்டதில்லை. ஆகவே அருவருப்பைப் பரிணாமத்தின் எச்சமாக மட்டும் ஆராய்வது பாதி ஆய்வே. அதை மீறி நோயாளியின் அருகே அமர மனிதர் உருவாக்கிய சொற்களும் சடங்குகளும் மறுபாதியாகும்.